எங்கள் பெயரில் இருக்கும் அமெரிக்கர் யார்?

(சபையின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஒரு தாதி. என்னை ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இந்த முறை வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். அதற்குக் காரணம் இந்தப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வரைந்து கொண்டுபோன ஒரு பிள்ளை என்னிடம் வந்து கேட்டது: "அன்ரி, எங்கட சர்நேம் அமெரிக்கன் பேர் என்று டீச்சர் சொல்லுறா. அப்ப நாங்கள் அமெரிக்கன் ஆக்களா?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே விடையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "எங்கட ஆக்கள் வெள்ளைக்காரப் பரம்பரை" என்று கலியாண வீடுகளில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

என் அம்மாவின் தாய்வழிக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அது எது என்று இங்கே சொல்லமாட்டேன். அதே பெயருள்ள வேறு இரண்டு குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. அவர்கள் எங்களுக்கு உறவுமில்லை, ஒருவருக்கொருவர் உறவுமில்லை. இதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை இது. அம்மம்மாவின் பூட்டன் ஒரு அமெரிக்க டொக்டர். மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை முடித்து, மானிப்பாயிலேயே இருந்துவிட்டார். இதற்குச் சாட்சி என்ன என்று கேட்டால் இரண்டு சாட்சிகள்: ஒன்று பெயர், மற்றது பெரியம்மாவின் பூனைக்கண். கண்ணை உடனே தள்ளுபடி செய்யலாம். வெளிர் நிறக் கண் நம் நாட்டு மக்களிடையே வெள்ளைக்காரக் கலப்பு எதுவும் இல்லாமலே தோன்றும். மிச்சம் இருப்பது பெயர். அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் தங்கினார்கள். அவர்களுக்கு இரண்டு வருடம் முன்பே, 1814இல், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் வந்திருந்தார். அவர் அயர்லாந்துக்காரர். ஆனால் நம் கதை அமெரிக்கரைப் பற்றியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது.

விடுதி என்றால் சோறு வேண்டும், துணி வேண்டும், ஓலைக்கும் காகிதத்துக்கும் காசு வேண்டும். காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்ச் சபைகளிலிருந்து. மாசசூசெட்ஸ், கனெற்றிகட் போன்ற இடங்களில் பெண்கள் சங்கங்களும் ஓய்வுநாள் பாடசாலைகளும் சதம் சதமாகச் சேர்த்து அனுப்பின. ஒரு பிள்ளையின் வருடச் செலவை ஏற்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரையும் சொல்லி அனுப்பலாம். பலர் தங்கள் போதகரின் பெயரைச் சொன்னார்கள். சிலர் இறந்துபோன தங்கள் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயர் கப்பலேறி வந்து, கந்தனென்றும் வள்ளியென்றும் வீட்டில் அழைக்கப்பட்ட ஒரு பிள்ளைமேல் ஏறியது.

பிள்ளைகளே, இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். தானியேலைப் பாபிலோனுக்குக் கொண்டுபோய்ப் படிப்பித்தபோது அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? பெல்தெஷாத்சார். அவன் தோழர்களுக்கு? சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. சரி. இப்போது ஒருவர் பாபிலோன் பள்ளியின் இடாப்பை மட்டும் பார்த்துவிட்டு, பெல்தெஷாத்சாரின் தகப்பன் ஒரு பாபிலோனியன் என்று எழுதினால் எப்படி இருக்கும்? நம் வீடுகளில் நடந்ததும் அதுதான்.

ஆதாரம் வேண்டுமா? சி. வை. தாமோதரம்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். தகப்பன் வைரவநாதபிள்ளை. ஆகவே தமிழில் 'சி. வை.' என்றால் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரிப்போம். ஆங்கிலத்தில் அவர் பெயரை 'சி. டபிள்யூ.' என்று எழுதுவார்கள். அது சார்ல்ஸ் வின்சுலோ. அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தபோது வந்த பெயர். ஒரே மனிதர், ஒரே முதலெழுத்துகள் போலத் தோன்றும் இரண்டு எழுத்துகள். ஒரு வாசிப்பில் தகப்பனும் ஊரும் இருக்கிறார்கள், மற்ற வாசிப்பில் கடல் கடந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார். அவரை யாராவது வின்சுலோ பரம்பரை என்பார்களா?

அவருடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியாகத் தேறியவர் கரோல் விசுவநாதபிள்ளை. நல்லூரில் வைமன் வீதி என்று ஒன்று இருக்கிறது. அது வைமன் கதிரைவேற்பிள்ளையின் பெயரால் வந்தது என்பார்கள். உதயதாரகைப் பத்திரிகையை நடத்தியவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. இவர்களெல்லாம் மிஷன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டவர்கள். அதனால் குழப்பம் இல்லை. வேறு சிலர் வீட்டுப் பெயரை விட்டுவிட்டார்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். உலகத் திருச்சபை மன்றத்தின் முதல் பேரவை 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியபோது தொடக்கப் பிரசங்கம் செய்த நம்மவர் டி. டி. நைல்ஸ். டேனியல் தம்பிராஜா நைல்ஸ். நடுவில் நிற்கும் அந்தத் 'தம்பிராஜா' இல்லாவிட்டால், பெயரை மட்டும் படிக்கிற ஒருவருக்கு அவர் தமிழர் என்பதே தெரியாது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. காசு கொடுத்தவர்களின் அன்பு மெய்யானது. தங்களுக்கே மிஞ்சாத காலத்தில் கொடுத்தார்கள். ஆனால் தாய் வைத்த பெயருக்கு மேலே இன்னொரு பெயரை எழுதும்போது, கீழே இருந்த பெயரையும் ஒரு மூலையில் குறித்துவைத்திருக்கலாம். பல இடங்களில் குறிக்கவில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். உடுவிலில் புதுப்பெயர் பெற்ற ஒரு பெண் கலியாணம் முடித்ததும் புருஷன் பெயருக்குள் போய்விடுவாள். இரண்டு தரம் மூடப்பட்டவளை எங்கே தேடுவது?

இனி எங்கள் டொக்டரிடம் வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷன் டொக்டர்மாரை விரலில் எண்ணிவிடலாம். ஒவ்வொருவரும் எழுதிய கடிதங்கள், குடும்பம், பிள்ளைகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. முதலாமவர் ஜோன் ஸ்கடர். 1820 முதல் பண்டத்தரிப்பில் இருந்தவர். இவரைப் பற்றி எனக்குத் தனிப் பிரியம். நாங்கள் 1990இல் ஊரை விட்டுப் படகில் போய் மண்டபம் முகாமில் இறங்கினோம். பின்பு நான் வேலூரில் தாதியர் படிப்புப் படித்தேன். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் படத்துக்குக் கீழே எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், பேரன் பண்டத்தரிப்பில் மருந்து கொடுத்தவர் என்பது படிப்பு முடியும் தறுவாயில்தான் தெரியவந்தது. அகதியாகப் போன இடத்தில் அடுத்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. (பேரன் என்று நாங்கள் சொல்வது தாத்தாவை. தமிழ்நாட்டுச் சகோதரர்கள் மன்னிக்கவும்.)

மானிப்பாய் ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்தார். மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். பிரசவம், சத்திரசிகிச்சை, உடலமைப்பு என்று பெரிய நூல்களைத் தமிழாக்கினார், மாணவரைக் கொண்டு தமிழாக்குவித்தார். அவற்றில் பிரசவ நூல் டப்ளின் டொக்டர் மோன்செல் எழுதியது. டப்ளின் மகப்பேற்று முறை 1857இலேயே தமிழில் வந்துவிட்டது என்று என்னோடு வேலை செய்யும் ஐரிஷ் வம்சத்துத் தாதி ஒருவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கிறீனிடம் படித்து வெளியேறிய தமிழ் டொக்டர்மார் 60 பேருக்கு மேல். அவர்களில் சிலருடைய பெயர்களைக் கேளுங்கள்: சாப்மன், டான்போர்த். எல்லோரும் தமிழர். மிஷன் பள்ளியில் பெயர் பெற்றவர்கள்.

இப்போது கதை வேறு மாதிரித் தெரிகிறதல்லவா? 'அமெரிக்கப் பெயருள்ள டொக்டர்' என்று முதல் தலைமுறை சொல்லியிருக்கும். நாலாம் தலைமுறைக்கு வரும்போது 'பெயருள்ள' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இது ஊகம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு காகிதம் கிடைக்கும்வரை. கொழும்பில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒரு சீதன உறுதியின் பிரதி இருந்தது. 1890களில் எழுதியது, அம்மம்மாவின் தாய்க்குத் தாயார் கலியாணம் முடித்தபோது கொடுத்த காணி. நொத்தாரிசு அந்தக் காலத்து வழக்கப்படி காணி எப்படி வந்தது என்று பின்னோக்கி எழுதியிருக்கிறார். அதில் பெண்ணின் தகப்பனுக்கு இரண்டு பெயர். முதலில் எங்கள் அமெரிக்கப் பெயர், பிறகு 'என்கிற', பிறகு முருகனுடைய திருநாமங்களில் ஒன்று. பெயருக்குப் பின்னால் 'டாக்குத்தர்'. அமெரிக்காவில் பிறந்த ஒருவருக்கு மானிப்பாய் நொத்தாரிசு முருகன் பெயர் வைத்து உறுதி எழுதமாட்டார்.

ஆகவே ஒன்று தீர்ந்தது. எங்கள் டொக்டர் தமிழ்த் தாய் பெற்ற பிள்ளை, அதுவும் சைவ வீட்டுப் பிள்ளை. ஆனால் எந்த வீடு, எந்த ஊர்? அமெரிக்க போர்ட் வெளியிட்ட 'மிஷனரி ஹெரால்ட்' என்ற மாத இதழில் காணிக்கைப் பட்டியல்கள் இருக்கும். இன்ன ஊர்ச் சபை, இலங்கையில் இன்ன பெயருள்ள பிள்ளைக்கு இத்தனை டொலர் என்று வரும். பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவு வேலை முடிந்து வந்து, தூக்கம் பிடிக்காத காலைகளில் அவற்றைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கள் பெயர் 1830களில் ஒரு தரமும், சில வருடம் கழித்து வேறொரு சபையின் கணக்கில் இன்னொரு தரமும் வருகிறது. ஒரே பிள்ளையா, இரண்டு பிள்ளைகளா? ஒரு பிள்ளை இறந்தாலோ விலகினாலோ அதே பெயர் இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கலாம். இந்த மண்டபத்தில் உறவில்லாத மூன்று குடும்பங்களுக்கு ஒரே பெயர் இருப்பது இதனால்கூட இருக்கலாம். நாங்கள் மூவரும் இரத்தத்தால் சொந்தமில்லை, ஒரு காணிக்கைப் பெட்டியால் சொந்தம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. உடுவில் பள்ளியைத் தொடங்கிய ஹரியற் வின்சுலோ 1833இல் அங்கேயே இறந்தார். அவருடைய கணவர் மைரன் வின்சுலோதான் 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் தமிழ் - ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டவர். அவர்கள் உடுவிலில் இருந்த காலத்தில் பிறந்த மகள் ஒருத்தி, தாயின் பெயரையே உடையவள், ஜோன் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியை மணந்தாள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் 1950களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டல்லஸும், சி.ஐ.ஏ. தலைவராக இருந்த அலன் டல்லஸும். வாஷிங்டனில் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கியவர்கள் கை உயர்த்துங்கள். அந்தப் பெயருக்குரியவரின் அப்பம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டல்லஸ் குடும்பத்தின் மூதாதை 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து தென் கரோலினாவுக்குக் குடிபோன ஒரு வணிகர். நம்மிடம் அமெரிக்கப் பெயர் இருக்கிறது, அமெரிக்க இரத்தம் இல்லை. அவர்கள் வம்சாவளியில் உடுவில் இருக்கிறது, ஆனால் அவர்கள் பெயரைப் பார்த்து யாரும் உடுவிலை நினைக்கமாட்டார்கள்.

நான் சொன்ன ஐரிஷ் தாதி தன் குடும்பத்தின் ஒரு கிளையைத் தேடுகிறார். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறும் முன்னரே அங்கே போனவர்கள். அவருக்கும் எங்கள் கஷ்டம்தான். அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்குவோரின் பட்டியலை ஒழுங்காக எழுதத் தொடங்கியது 1820இல்தான். அதற்கு முன் போனவர்களுக்கு ஒரே கப்பல், ஒரே திகதி என்று காட்டுவது அரிது. ஒரே குடும்பப் பெயரை ஒரு மாகாணத்தில் பத்துப் பேர் வைத்திருப்பார்கள். அயர்லாந்துப் பக்கத்தில் தேடலாம் என்றால், 1922 ஜூன் 30ஆம் திகதி உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரத்துப் பொதுப் பதிவேட்டு நிலையம் எரிந்தது. குடிசனக் கணக்கேடுகளும் சபைப் பதிவேடுகளும் சாம்பலாயின. அவர் இதைச் சொன்னபோது நான் யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். 1981, ஏறத்தாழ 97,000 நூல்கள். கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் தேநீர் குடித்தோம்.

ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். எரிந்தவற்றின் பிரதிகள் லண்டனிலும் வேறு இடங்களிலும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிச் சேர்த்து, எரிந்து 100 ஆண்டு நிறைந்த 2022இல் இணையத்தில் ஒரு பதிவேட்டுக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்வடிவாக்கி வருகிறது. அதில் நான் தேடுவது பெரிய நூல்களை அல்ல. பழைய சபை மலர்கள், பள்ளி மலர்கள், செத்தவீட்டுக் கல்வெட்டுகள். இந்தியச் சகோதரர்களுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல் அல்ல, ஒருவர் இறந்து 31ஆம் நாள் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகம். அதில் இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், பல வேளை மூன்று நாலு தலைமுறை வம்சாவளி இருக்கும். ஒருவரும் வரலாறு என்று நினைத்து எழுதாத வரலாறு.

உறுதிகளும் அப்படித்தான். தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்தார்கள். அதன்படி சீதனம் பெண்ணுக்குப் போகும். அவள் பெயர் காகிதத்தில் ஏற வேண்டும். சபை இடாப்பில் 'இன்னாரின் மனைவி' என்று காணாமல் போன பெண் காணி உறுதியில் முழுப்பெயருடன் நிற்பாள். ஆகவே தாய்வழியைத் தேடுபவர்கள் வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது காணிப் பெட்டி. எங்கள் அம்மம்மாவின் வேதப்புத்தகம் 1990இல் வீட்டோடு போய்விட்டது. பிறப்பும் ஞானஸ்நானமும் அதில் எழுதியிருந்தார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களில் தங்கள் பிதாக்களின் வீட்டைச் சொல்ல முடியாமல் நின்ற குடும்பங்களை எஸ்றாவின் புத்தகம் 2ஆம் அதிகாரத்தில் குறிக்கிறது. அந்தப் பகுதியை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. அகதியாகப் போனவர்களுக்கு அது விளங்கும்.

இனி இந்த நகரத்தைப் பற்றி. லண்டனில் இருப்பதால் எல்லாம் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். பிரிட்டிஷ் லைப்ரரியில் சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியரையும் அவர்கள் வழிவந்தவர்களையும் பற்றியவை. இலங்கை 1802 முதல் முடிக்குரிய தனிக் குடியேற்ற நாடு, ஆகவே அந்த அலுமாரியில் யாழ்ப்பாணம் இல்லை. அமெரிக்க மிஷன் தாள்கள் ஹார்வர்டில் இருக்கின்றன. வெஸ்லியன் மிஷன் தாள்களும், நாகர்கோவில் பக்கம் வேலை செய்த லண்டன் மிஷன் தாள்களும் இங்கேயே, ரசல் ஸ்குவயருக்குப் பக்கத்தில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. நம் நாகர்கோவில் சகோதரிகள் ஒரு விடுமுறை நாளில் போய் வரலாம். திருநெல்வேலிக்காரர் சி.எம்.எஸ். தாள்களுக்குப் பர்மிங்ஹாம் போகவேண்டும், எஸ்.பி.ஜி. தாள்களுக்கு ஒக்ஸ்போர்ட்.

திருநெல்வேலியைச் சொன்னதும் குளோரிந்தா அம்மையாரைச் சொல்லாமல் விடமுடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து விதவை. கோகிலா என்பது அவருடைய முந்தைய பெயர் என்பார்கள். 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். பாளையங்கோட்டைச் சபை அவரைக் கொண்டு தொடங்கியது. அந்தப் பெயரை மட்டும் பார்த்து ஒருவர் அவரை ஐரோப்பியப் பெண் என்று நினைத்தால், திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே மாறிப்போகும்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்புவது. செய்யலாம், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து செய்யுங்கள். தென்னிந்தியா, இலங்கை என்று ஒரு பெரிய வட்டம் வரைந்து அனுப்புவார்கள். அது மானிப்பாயா மதுரையா என்று சொல்லாது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கலியாணம் முடித்தவர்கள். ஆகவே தூரத்து உறவு கிட்டத்து உறவு போலக் காட்டும். கனடாவில் ஒருவர் உங்களுக்கு இரண்டாம் தலைமுறைச் சகோதரர் என்று வரும், விசாரித்தால் ஆறு வழியால் தூரத்துச் சொந்தமாக இருப்பார். 2023இல் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் திருட்டுப்போனதையும் மறக்கவேண்டாம். உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் தங்கையுடையதும்தான். அவளைக் கேட்டீர்களா? அமெரிக்க மூதாதை இருந்தாரா இல்லையா என்பதை மட்டும் அறிய வேண்டுமென்றால், ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரு முழு ஐரோப்பியரின் பங்கு சராசரியாக 3 சதவீதம். அதற்காக ஒரு குப்பியை வாங்குவதைவிட பெரியம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. தேடிக்கொண்டு போனால் சாதி வரும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் வரும், உறுதியில் வரும், மிஷன் கடிதங்களில் யார் யாரோடு இருந்து சாப்பிட மறுத்தார்கள் என்று வெளிப்படையாக வரும். சிலர் அதைக் கண்டுபிடிக்கவே தேடுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பரம்பரை என்ற கதையைச் சிலர் ஆசையோடு வைத்திருந்ததற்கும், சிலர் அதற்குள் எதையோ ஒளித்துவைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நான் கண்டதை என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். குடும்ப மரத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டு எழுதமாட்டேன்.

கடைசியாக என் தொழிலிலிருந்து சிறிது. முதியோர் வார்ட்டில் பல வருடம் வேலை செய்ததில் அறிந்தது: மறதி நோய் வந்தவர்களிடம் நேற்றைய நாள் முதலில் போகும், சிறுவயது நெடுநாள் நிற்கும். என் அம்மாவுக்கு இப்போது அப்படித்தான். நான் காலையில் வந்ததா என்று மாலையில் கேட்பார். ஆனால் மானிப்பாய் வீட்டுக் கிணற்றடியில் எந்த மூலையில் கறிவேப்பிலை நின்றது என்று சொல்வார். "எந்த வருடம்?" என்று கேட்டால் கலங்கிப்போவார். "சூறாவளிக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். அதாவது 1964ஆம் ஆண்டுச் சூறாவளி. காலை நேரம், தேநீருக்குப் பிறகு, ஒரு படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். திருத்தவேண்டாம். பிழையாகச் சொன்னாலும் அப்படியே பதிவுசெய்யுங்கள், பிறகு சரிபார்க்கலாம். பெண்களின் பெயரைக் கேளுங்கள். "உங்கட அம்மம்மாவை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிட்டவை? எழுதுற பேர் என்ன?" இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

போன மாதம் அம்மாவிடம் அந்த டொக்டரின் மனைவி பெயரைக் கேட்டேன். அவர் அவளைக் கண்டதில்லை, காலம் அப்படி. ஆனால் தன் அம்மம்மா சொல்லக் கேட்டதாக ஒரு பெயர் சொன்னார். அது பூட்டியைச் சின்னப் பிள்ளைகள் அழைத்த செல்லப்பெயர். பள்ளிப் பெயருமில்லை, கோயில் பெயருமில்லை. உறுதியில் இல்லை, இதழில் இல்லை. எங்கள் மரத்தில் அந்தக் கட்டத்தில் இப்போதைக்கு அதைத்தான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியுடன்.

பிள்ளைகளே, நீங்களும் கேள்விக்குறி போடலாம். டீச்சர் குறை சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பக்க மண்டபத்தில் ஒரு மேசையும் ஸ்கேன் செய்யும் இயந்திரமும் வைத்திருப்போம். உறுதி, கல்வெட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய மலர் எதுவானாலும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே படியெடுத்து உடனே திருப்பித் தருவோம், ஒரு தாளையும் எங்களிடம் விட்டுப்போகவேண்டாம். கறையான் அரித்ததானாலும் பரவாயில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால், பழைய நொத்தாரிசுக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த இரண்டு ஐயாமார் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வடையும் தேநீரும் மட்டும் போதுமாம்.